உனக்கு நான் சொல்லிக்கொடுத்த இரண்டு நடைகள்

என் மகனுக்கு,

"நாளைக்கு நீ வரண்டாம்மா, நான் ஒத்தைக்குப் போய்க்கிடுதேன்" என்று இன்று காலை நீ சொன்னபோது நான் புட்டுக்குழலில் மாவு நிறைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாத நேரத்தில் அதை உனக்குக் காட்ட மனம் வரவில்லை. ரப்பர் பால் வெட்டு முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்த உன் அப்பாதான் பதில் சொன்னார். "அவன் போவான். நீ ஒரு நாளு வாயைப் பூட்டி வீட்டுல இரி. நீ பேசல்லேன்னா நெய்யாறு ஒண்ணும் வத்திப் போவாது." நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வெளியே போன பிறகு, கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து இன்னொரு தரம் கழுவினேன். அதுவும் தீர்ந்துபோனது. அப்புறம்தான் உன் மேசையிலிருந்து கோடுபோட்ட தாளை எடுத்துக்கொண்டு வாசற்படி வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தேன்.

இது உனக்கு எழுதுகிற கடிதம். ஆனால் இதை ஒட்டி மூடப்போவதில்லை. நாளை நெய்யாற்றின்கரையில் உன் மனுவை விசாரிக்கும் அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் நீ நிற்கும்போது, தேவை என்று தோன்றினால் எடுத்துக் கொடுக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் கொடுக்க வேண்டியதில்லை. யார் கைக்குப் போகும் என்று தெரியாததால், உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

நீ பிறந்தவுடன் அழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அழுதாய். அதனால் வந்தது என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். வலது கையும் வலது காலும் உன் சொல்லுக்கு முழுதாகக் கீழ்ப்படியவில்லை. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லும் தொண்டையில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் வெளியே வரும். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்னைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நீ பேசத் திணறியவன் என்றால், உன் அம்மா பேசவே பயந்தவள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டது வீட்டில் வசதி இல்லாததால் என்று இத்தனை நாளும் சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை. ஏழாம் வகுப்பு வரை நான் படித்தது தமிழில். பெரிய பள்ளிக்கூடத்தில் எங்களைப் போலக் கேரளத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இல்லை, மலையாளம்தான். பேச எல்லோருக்கும் வரும், வாசிக்கத்தான் வராது. ஒரு நாள் டீச்சர் என்னை எழுப்பி ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நின்றேன். டீச்சர் திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. பின் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் மெதுவாகச் சிரித்தாள். அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் போகவில்லை. அந்த வயதில் பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. எனக்கு முன்னால் யாராவது அதே இடத்துக்கு டிக்கெட் கேட்பார்களா என்று காத்திருந்து, கேட்டால் "எனக்கும்" என்பேன்.

அப்படிப் பேசப் பயந்த என் கையில்தான் கடவுள் உன்னைக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்கிற ஜன்னலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அன்று, என் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் போனார்கள். கடைசியில் நீ பசித்து அழ ஆரம்பித்தாய். அப்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, "என் பிள்ளைக்கு முதல்ல சீட்டு தாங்க!" என்று. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் யார் பேசினது என்று திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குத் திறந்த வாய் இது. அதன்பிறகு டாக்டரிடம், டீச்சரிடம், ரேஷன் கடையில், பஞ்சாயத்தில், கோயில் கமிட்டியில், எல்லா இடத்திலும் உனக்காகப் பேசினேன். மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. உனக்காகப் பேசிப் பேசி, நீ இருக்கும்போதே உன்னை இல்லாதவனாக்கினேன் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம். உனக்கு அப்போது ஒன்பது வயது. ஊனத்தின் அளவைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற மருத்துவக் குழுவின் முன்னால் உன்னைக் கொண்டுபோனேன். வராந்தாவில் பெஞ்சு பெஞ்சாகத் தாய்மாரும் பிள்ளைகளும். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். மடியில் அவளுடைய மகள். நீ தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் காதில் சொன்னாள். "பிள்ளே, உனக்க மோன் நல்லா நடக்கியானே. இப்பிடி நடந்தா அவியளு ஒண்ணும் தரமாட்டினும். நாப்பது தொட்டாத்தான் காரியம் உண்டு. நான் மூணாவது தடவையாக்கும் வாறேன்." அவள் பொல்லாதவள் இல்லை. தான் இரண்டு முறை வெறுங்கையோடு போனதுபோல நான் போகக் கூடாது என்றுதான் சொன்னாள். நூற்றில் நாற்பது இருந்தால்தான் சட்டத்தின் கதவு திறக்கும் என்பதை முதன்முதலாக எனக்குச் சொன்னது ஒரு தாய்தான், எந்த அதிகாரியும் இல்லை.

நான் உன்னை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நினைவிருக்கிறதா? "காலை இன்னும் இழு மக்கா. கையை உள்ளுக்கு மடக்கு. இன்னும் மடக்கு. பேரு கேட்டா நீ செல்லப்பிடாது, நான் செல்லுதேன். பென்சிலு தந்தா வாங்கப்பிடாது." மூன்று தடவை நடக்க வைத்துப் பார்த்தேன். நீ அதை விளையாட்டு என்று நினைத்தாய். நான் சொன்னதற்கும் மேலாகவே செய்தாய். உள்ளே டாக்டர் உன் பெயரைக் கேட்டார், நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் சொன்னேன். ஒரு தாளும் பென்சிலும் நீட்டினார். இடது கையால் அழகாக எழுதுகிறவன் நீ, உன் பெயரை இரண்டு மொழியிலும் எழுதுவாய். அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றாய், கையை மட்டும் நீட்டவில்லை. டாக்டர் எழுதினார். பேசவும் எழுதவும் இயலாது, எப்போதும் பிறர் துணை தேவை, நிரந்தரம். கிடைத்த எண் நாற்பதுக்கு எவ்வளவோ மேலே.

வெளியே வந்ததும் உனக்கு ஏத்தன்பழ அப்பம் வாங்கிக் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே கேட்டாய், "நான் நல்லா செய்தேனாம்மா?" என்று. நல்லா செய்தாய் என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அது நல்ல பென்சிலு. பின்னால ரப்பர் உண்டு" என்றாய். இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட.

அதே வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், கொஞ்சம் வசதியானவர்கள். முந்தின நாள் என் அண்ணன், உன் மாமா, என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். "பிள்ளைய முன்னால கொண்டு வராதே. ரத்தத்துல உள்ள சீக்குன்னு நினைப்பினும். தாலி கெட்டி முடியட்டு." நான் அவனோடு சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து உன் புது நிக்கரின் வலது பையைப் பிரித்து, கை முழங்கை வரை போகும்படி ஆழமாகத் தைத்தேன். "கையை இதுக்குள்ள போட்டுக்க. காலை மெதுவா வை. எனக்க இடது பக்கமே நட" என்று சொல்லிக்கொடுத்தேன். நீ அதையும் கற்றுக்கொண்டாய். கல்யாண வீட்டில் மூன்று மணிநேரம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதும் நீ கையை வெளியே எடுக்கவில்லை, நான்தான் ஊட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "பையனுக்குக் கொஞ்சம் வெக்கம், பாரு, பைக்குள்ளயே கைய வச்சிட்டு நிக்குதான்" என்று சிரித்தாள். "ஆமா, என்னைப் போலயாக்கும்" என்று நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை, ஊருக்கு ஒரு நடை. ஒன்றில் உன்னைக் கூடுதலாகக் காட்டினேன், மற்றதில் உன்னை மறைத்தேன். உன்னுடைய நடை இவை இரண்டும் இல்லை. அது நம் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்துச் சரிவில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நீ இறங்கி வரும்போது மட்டும் இருப்பது. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். வலது காலை ஒரு வீச்சு வீசி, கையைக் காற்றில் விட்டு, வேகமாக வருவாய். உன் வலது பக்கம் ஏன் நான் எப்போதும் நடந்தேன் என்று நீ கேட்டதில்லை. விழுந்தால் பிடிக்கத்தான் என்று நினைத்திருப்பாய். உண்மை அதுவல்ல, மகனே. எதிரே வருகிறவர்கள் பார்க்காமல் இருக்கத்தான். அன்றைக்குத் தைத்த அந்தப் பையைப் போலவே உன் நிக்கர்களுக்கும், பிறகு பேண்ட்டுகளுக்கும் எல்லாம் தைத்தேன். கடையில் வாங்கியதைக்கூடப் பிரித்துத் தைத்தேன். நீ ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஆனாலும் நீ வளர்ந்தாய். பிளஸ் டூ பரீட்சைக்கு, சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் வைக்கலாம் என்றார்கள். கூடுதல் நேரம் மட்டும் போதும் என்று நீ சொல்லிவிட்டாய். பாறசாலையில் கம்ப்யூட்டர் படித்தாய். உனக்குள் இரண்டு மொழியும் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கின்றன. நான் மணி அடிக்கும் வரை நின்ற அந்த எழுத்தை நீ இடது கைப் பெருவிரலால் செல்போனில் ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

என்னோடு தொழிலுறப்பில், அந்த நூறுநாள் வேலையில், வேலை செய்கிற ரோசம்மாள் அக்காவின் காரியம் வந்தது அப்போதுதான். அவள் கணவர் இறந்தது எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில். இறப்புச் சான்றிதழ் தமிழில். விதவைப் பென்ஷன் கேட்கப் போன இடத்தில் மலையாளத்தில் கொண்டு வா என்றார்கள். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆறு மாதம் மாராப்புக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். நீ ஒரு மத்தியானத்தில் வரிவரியாக மாற்றி, விண்ணப்பத்தையும் தயார்செய்து, இன்ன இடத்தில் இன்னாரிடம் கையெழுத்து வாங்கு என்று சொல்லி அனுப்பினாய். பென்ஷன் பாஸான அன்று அவள் வேலை இடத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "எனக்க மாப்பிள உயிரோட இருந்தப்ப ஒரு காரியம் ஒழுங்கா செய்ததில்ல. செத்த பொறவு இந்தப் பிள்ள அவரைக் கொண்டு ஒரு காரியம் செய்ய வச்சிட்டானே!" அன்றைக்கு அந்தச் சாலையோரத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. அதற்குப் பிறகு நம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் உறையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குன்னத்துகாலிலிருந்தும் வந்தார்கள், எல்லைக்கு அப்பாலிருந்தும் வந்தார்கள். அந்தப் பக்கத்துப் பத்திரம் இந்தப் பக்கம் ஏறாது, இந்தப் பக்கத்துச் சீட்டு அந்தப் பக்கம் ஏறாது. நடுவில் ஒருவர் வேண்டியிருந்தது.

பஞ்சாயத்து கட்டிய புதுக் கடை அறைகளில், நாம் முறி என்கிறோமே, அவற்றில் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒதுக்கியிருப்பதை நீதான் கண்டுபிடித்தாய். படி இல்லாத, சாய்தளம் உள்ள கடைசி முறி. அதில் எழுதிக்கொடுக்கிற கடை வைக்க விண்ணப்பம் போட்டாய். கூப்பிட்டார்கள். நான் வந்தேன். கூப்பிட்டது உன்னை, வந்தது நான் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே இருந்த அதிகாரி உன்னைப் பார்த்து என்ன கடை என்று கேட்டார். நீ வாய் திறந்தாய். முதல் சொல் வழக்கம்போலக் கொஞ்சம் நின்றது. அதற்குள் நான் சொல்லிவிட்டேன். எந்த மொழியெல்லாம் தெரியும் என்றார். நான் சொன்னேன். "சேச்சி, ஞான் மோனோடாணு சோதிச்சது" என்றார் அவர், அக்கா, நான் உங்கள் மகனிடம்தான் கேட்டேன் என்று. அப்போதும் நான், "அவன் பேச நேரம் ஆகும் சாரே" என்றேன். அவர் கோப்பைப் புரட்டினார். அந்தப் பழைய சான்றிதழ் வெளியே வந்தது. வாசித்துவிட்டு, நிஜமான குழப்பத்தோடு கேட்டார். பேசவும் எழுதவும் முடியாது என்று இதில் இருக்கிறது. எழுதிக்கொடுக்கிற கடையை இவர் எப்படி நடத்துவார்? சேச்சிதான் நடத்தப் போகிறீர்களா?

அவர் மேல் தப்பு இல்லை. அந்தத் தாளில் இருந்தது அது. அவர் கண்ணால் பார்த்ததும் அதுதான். ஒரு வார்த்தை பேசாத பையன், பக்கத்தில் ஓயாமல் பேசுகிற தாய். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுத வைத்ததை அன்றைக்கு நானே அவர் முன்னால் நடத்திக் காட்டினேன். முறி கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள். வரும் வழியில் நீ எனக்கு முன்னால் நடந்தாய். நான் உன் வலது பக்கம் வந்து சேர எட்டு வைத்தேன். நீ இன்னும் வேகமாக நடந்தாய்.

நாலாம் நாள் செல்போனோடு வந்து உட்கார்ந்து, சட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டினாய். சட்டம் என்றால் போலீஸ், கோர்ட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்தால் அரசாங்க வேலையில் ஒருவரை ஒதுக்கக் கூடாதாம். வேலை செய்ய வேண்டிய வசதியைச் செய்து கொடுக்க வேண்டுமாம். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு கடனும் பயிற்சியும் ஏற்பாடு செய்ய வேண்டுமாம், தொழிலுக்கு இடம் கொடுக்கும்போது ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டுமாம். சான்றிதழ் சரியில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு. யாரோ முகம் தெரியாதவர்கள் எங்கோ உட்கார்ந்து உன்னை மனதில் வைத்து எழுதியதுபோல இருந்தது எனக்கு. "இதுல அம்மாமாரைப் பத்தி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ விரலால் தள்ளித் தள்ளித் தேடினாய். "உண்டு. துணைக்கு நிக்குதவங்க அவங்க இஷ்டத்தைத் திணிக்கப்பிடாதாம். அவன் முடிவு அவனுக்காம். மரியாதை குடுக்கணுமாம்." நான், "அது என்னைப் பாத்து எழுதினதுதானே?" என்றேன். "டெல்லியில உள்ளவியளுக்கு உன்னை எப்பிடித் தெரியும்னாக்கும் நானும் யோசிக்குதேன்" என்றாய். அன்று இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்த வரி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

முறியை நிறுத்திவைத்ததை எதிர்த்து நாளைய அமர்வுக்கு மனு எழுதியது நீ. நான் ஒரு எழுத்துகூடப் பார்க்கவில்லை. முறி உனக்குக் கிடைக்குமா, அடுத்த ஆளுக்குப் போகுமா என்பது நாளை தெரிந்துவிடும். ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ கொடுத்தால் உன்னை மறுபடி மருத்துவக் குழுவின் முன்னால் நிறுத்தலாம். உண்மையாக அளந்தால் எண் குறையலாம். நாற்பதுக்குக் கீழே போனால் முறியும் போகும், உனக்கு மாதம் வருகிற பென்ஷனும் போகும். முந்தாநாள் உன்னிடம் இதை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அளந்தா குறையும்னு வச்சுக்கோ, அப்ப என்ன செய்வே?" நீ தலை நிமிராமல், "உள்ளது உள்ளபடி இருக்கட்டும்மா. குறையுதுண்ணா எனக்குச் சந்தோசப்பட வேண்டிய காரியமில்லியா?" என்றாய். எனக்கு அப்போதுதான் புரிந்தது, நீ எதையும் மறக்கவில்லை என்று. அந்தத் துணி காயப்போடும் இடமும், பென்சிலும், எல்லாம் உனக்குள் இருக்கிறது. அம்மா வருத்தப்படுவாள் என்று பதினைந்து வருஷமாக நீ கேட்காமல் இருந்திருக்கிறாய். உன் ஒன்பது வயதை நான் அப்படிப் பயன்படுத்தியது தவறு. நாற்பதைத் தொடுமா என்ற பயம், பொய் சொல்லாமலே தொட்டிருக்குமோ என்று யோசிக்கக்கூட விடவில்லை. உன்னை மறைத்ததுதான் அதைவிடப் பெரிய தவறு. அதற்கு எனக்கு எந்தக் காரணமும் சொல்ல இல்லை. வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்ததுபோல உன்னைப் பார்த்தும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். அந்த முறி கிடைத்தால் உன் மேசைக்கு முன்னால் என்னைப் போன்ற தாய்மார் வருவார்கள். பக்கத்தில் ஒரு மகனோ மகளோ நிற்கும். நீ கேள்வி கேட்பாய், தாய் முந்திக்கொண்டு பதில் சொல்லுவாள். அவளைக் கடிந்துகொள்ளாதே. அவளும் ஏதோ ஒரு ஜன்னலில் முதன்முதலாகச் சத்தம் போட்டுத்தான் அங்கே வந்திருப்பாள். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வை. பிறகு அந்தப் பிள்ளையிடம் திரும்பிக் கேள். பதில் வர எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு. உனக்குக் காத்திருக்கத் தெரியும். இன்னொன்று, யாராவது வந்து "கொஞ்சம் கூட்டி எழுதுங்க" என்பார்கள். ரோசம்மாள் அக்காவே சொல்லுவாள். கூட்டி எழுதின ஒரு வரி ஒரு ஆளை எத்தனை வருஷம் பிடித்துவைக்கும் என்று அவர்களுக்குச் சொல். வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லியே சொல். முறி கிடைக்காவிட்டால் நம் வாசல் இருக்கிறது. ஆனால் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாசல் என்னுடையது. முறி உன்னுடையதாக இருக்கும்.

நாளை அவர்கள் கேட்கும்போது முதல் சொல் நிற்கும். நிற்கட்டும். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். என் முகத்தைத் தேடாதே, நான் அங்கே இருக்க மாட்டேன். எனக்கு நாளை சாலையோரத்தில் புல் வெட்டுகிற வேலை. ரோசம்மாள் அக்கா, "உனக்க வாயி வீட்டுலயா இருக்கு இன்னிக்கு?" என்று கேட்பாள். கேட்கட்டும். உன் பஸ் எங்களைத் தாண்டித்தான் போகும். நான் கைகாட்டி நிறுத்தி ஏறிவிடுவேனோ என்று உனக்குச் சந்தேகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதனால்தான் மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன். பேண்ட்டையும் தேய்த்தேன். அதன் வலது பையைப் பிரித்துச் சிறியதாக்கிவிடலாமா என்று ஊசியைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அதையும் நானே முடிவு செய்ய வேண்டாம் என்று தோன்றியது. இந்தத் தாள்களை நாலாக மடித்தால் அந்தப் பையின் அடிவரைக்கும் போகிறது, வெளியே துருத்தவில்லை. அங்கேதான் வைக்கிறேன். வலது கையை எங்கே வைப்பது என்பது உன் இஷ்டம். பைக்குள் இனி இடம் இல்லை.

உன் அம்மா